அறுக்காத சேலையின் படம்

என்னைக் கேட்காமல் என் வீட்டுக்குள் நுழைந்து, நடுச்சுவரை இடித்துப் போட்டுவிட்டு, "பாருங்க, இப்ப எவ்ளோ காத்தோட்டமா இருக்குது" என்று ஒருவன் பல்லைக் காட்டினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு அப்படித்தான் இருந்தது. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று சில மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. இனிமேல் ஆறும் என்றும் தோன்றவில்லை. ஆகவே சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். பள்ளிக்கூடத்தை விட்டுக் காஞ்சிபுரம் வந்து ஒரு ஸ்டுடியோவில் தரை கூட்டினேன். இன்றைக்கு அதே ஊரில் எனக்குச் சொந்தமாக மூன்று ஸ்டுடியோ இருக்கிறது. எவனும் தூக்கிக் கொடுத்ததில்லை. ஊரில் பாதிக் கல்யாணத்தை நான் படம் பிடித்திருக்கிறேன். மீதிப் பாதியை என்னிடம் தொழில் பழகியவர்கள் பிடித்திருக்கிறார்கள். பிலிம் போய் டிஜிட்டல் வந்தபோது பல பேர் ஸ்டுடியோவை ஜெராக்ஸ் கடையாக மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் கம்ப்யூட்டர் வாங்கினேன். ஆங்கிலம் வாசிக்க வராது. எந்தப் பொத்தான் எந்த மூலையில் இருக்கிறது, அழுத்தினால் என்ன ஆகிறது என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது.

எங்கள் பக்கத்துப் படக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு இடம் வேண்டும் என்று முதலில் நினைத்தவனும் நான்தான். போனில் ஒரு குழுவாக ஆரம்பித்தோம். அது சந்தைக்கடை ஆகிவிட்டது. ஒருவன் கருட சேவைப் படம் போடுவான், அதற்குக் கீழே இன்னொருவன் பழைய லென்ஸ் விலைக்கு என்பான், அதற்குக் கீழே நாலு ரோஜாப்பூவோடு காலை வணக்கம். யார் எதைக் கேட்டார்கள், யார் எதற்குப் பதில் சொன்னார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் இணையதளமே வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஏனாத்தூரில் படித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் ஒரு பையன் நன்றாகப் படம் எடுப்பான். கம்ப்யூட்டர் வேலையை அவன் பார்த்துக்கொண்டான். செலவு என்னுடையது. வகை பிரித்தது முழுக்க நான்.

அந்தப் பிரிப்பில் என் முப்பது நாற்பது வருஷத் தொழில் இருக்கிறது. கோபுரத்துக்கு ஒன்று, சாமி புறப்பாட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்தேன். "ரெண்டும் கோயில்தானே அங்கிள்?" என்று அந்தப் பையன் அன்றைக்கே கேட்டான். கோபுரம் நமக்காக நிற்கும், சாமி நிற்குமா? கோபுரம் எடுக்கிறவன் கேட்கிற கேள்வி வேறு; கூட்டத்தில் தோள் இடிபட, தீவட்டி வெளிச்சத்தில், நகர்ந்துகொண்டே இருக்கிற பல்லக்கை எடுக்கிறவன் கேட்கிற கேள்வி வேறு. எடுக்கிறவனுடைய கஷ்டத்தை வைத்துத்தான் நான் பிரித்தேன். ஏரிக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, விற்க வாங்க ஒன்று. அப்புறம் தறி.

தறிக்கு மட்டும் இரண்டு வைத்தேன். 'உள் தறி', 'வெளித் தறி'. இதுதான் இந்த ஊருக்கே உரிய விஷயம். இதில்தான் மண்ணை அள்ளிப் போட்டார்கள்.

ஒரு பட்டுச்சேலை தறியில் இருக்கிற வரைக்கும் அதன் முந்தானையை வெளியாள் பார்க்கக் கூடாது. முதலாளி புதுசாக ஒரு டிசைன் போட்டு, அதற்குத் தறியில் மாட்டும் அட்டை குத்தி, பாவு நூலும் ஜரிகையும் கொடுத்து ஒரு வீட்டில் நெய்யக் கொடுக்கிறார் என்றால், நெய்து, தறியிலிருந்து அறுத்து, அவர் கைக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அது அந்த வீட்டின் ரகசியம். தெருவைப் பார்த்த தறியாக இருந்தால் மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டுத்தான் சாப்பிடவே எழுந்திருப்பார்கள். யாரும் சட்டம் போட்டதில்லை. நெசவுத் தெருவில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஆனால் தறியில் இருக்கும்போதுதான் படம் நன்றாக வரும். அறுத்து மடித்த பிறகு அது வெறும் சேலை. அதனால் 'உள் தறி'யைப் பூட்டி வைத்தேன். நெசவு வீட்டுக்காரர்களும் நான் நம்பிக்கையாகச் சேர்த்த சில பேரும் மட்டும் பார்க்கலாம். அங்கே போட்டு, வெளிச்சம் சரியா, கோணம் சரியா என்று பேசிக்கொள்ளலாம். சேலை அறுத்து, முதலாளியும் சரி என்ற பிறகு, போட்டவர்களே அதை எடுத்து 'வெளித் தறி'யில் வைப்பார்கள். உலகமே பார்க்கும். உலகத்தில் வேறு எந்தப் படக்காரர் கூட்டத்திலாவது இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் காட்டுங்கள், என் மூன்று ஸ்டுடியோவையும் எழுதிக் கொடுக்கிறேன்.

அந்த உள் தறியில் சூரப்புலி ஒரு பெண். பிள்ளையார்பாளையத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக வீட்டிலேயே இரண்டு தறி ஓட்டுகிறவர்கள். இரண்டுக்கும் பாவு ஒரே முதலாளியுடையது. அவளிடம் இருப்பது ஓரம் உடைந்த ஒரு செல்போன். அதை வைத்துக்கொண்டு அவள் எடுக்கிற படத்தை, லட்ச ரூபாய் கேமரா வைத்திருக்கிறவன் எடுக்க மாட்டான். கூரைக் கண்ணாடி வழியாக வெயில் எந்த நேரம் எந்த இழை மேல் விழும் என்று அவளுக்குத் தெரியும். நாளெல்லாம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள், தெரியாதா? சுலபத்தில் யாரையும் பாராட்டாத நானே அவள் படத்துக்குக் கீழே, "இது படம்" என்று எழுதியிருக்கிறேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மதியம் தென்னேரி ஏரிக்கரையில் கேமராவை நிறுத்தி வைத்து, ஒரு நாரை எப்போது பறக்கும் என்று காத்துக் கிடந்தேன். போன் அடித்தது. அவள்தான்.

"அண்ணா, என் போட்டோ வெளிய வந்துச்சுண்ணா. மொதப் பக்கத்துலயே பெருசா நிக்குது."

"எந்த போட்டோமா?"

"முந்தி போட்டோண்ணா. தறியில இருக்குதே, அந்தக் கல்யாணச் சேல. நான் உள்ளதாண்ணா போட்டேன். சத்தியமா உள்ளதான் போட்டேன்."

எனக்கு அந்தப் படம் தெரியும். முந்தின நாள்தான் பார்த்து அசந்துபோயிருந்தேன். கோயில் குளத்துப் படிக்கட்டு மாதிரி ஜரிகை அடுக்கடுக்காக இறங்கும். படிக்கு ஒரு அன்னம். புருஷன் குனிந்து இழை முடிகிறார், அவர் கழுத்து வேர்வையிலும் ஜரிகையிலும் ஒரே வெயில். அந்தச் சேலையைச் சொல்லிவைத்த பெண் வீட்டார், தங்கள் பெண் கட்டி மேடையில் உட்காருகிற வரைக்கும் அந்த டிசைன் இன்னொரு பெண்ணின் உடம்பில் இருக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார்.

"மொதலாளி பாத்துட்டாருண்ணா," என்றாள். "இந்தச் சேலய அறுத்ததோட சரி, அடுத்த பாவு உங்க வூட்டுக்கு வராதுன்னு இவருகிட்ட சொல்லிட்டாரு. ரெண்டு தறியிலயும் அவரு பாவுதாண்ணா. நாங்க எங்க போறது?"

"அழாதமா. நான் இருக்கேன். இப்பவே தூக்கறேன்."

சொல்லிவிட்டு என் போனில் தளத்தைத் திறந்தேன். திறந்தால், அது என் தளமே இல்லை. கோபுரம் எங்கே, ஏரி எங்கே, ஒன்றையும் காணோம். எல்லாம் ஆங்கிலத்தில் கட்டம் கட்டமாக இருந்தது. நான் பார்த்துப் பழகிய பொத்தான் ஒன்றுகூடப் பழைய இடத்தில் இல்லை. நான் கட்டிய வீட்டில் எனக்கே கதவு தெரியவில்லை. நடுவில் அவள் படம். அதற்குக் கீழே ஆஹா, ஓஹோ, விலை என்ன. நடுவில் எங்கேயோ வெளியூர்க்காரன் ஒருவன், "இதே டிசைன் குறைந்த விலையில் செய்து தரப்படும்" என்று போன் நம்பரோடு போட்டிருக்கிறான்.

அந்தப் பையனைக் கூப்பிட்டேன்.

"அங்கிள், பாத்தீங்களா? புது லுக்! சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லல. கேட்டகரி எல்லாம் ஜாஸ்தியா இருந்துச்சு, மெர்ஜ் பண்ணிட்டோம்."

"அந்தத் தறி போட்டோவ எடு. இப்பவே எடு."

"அதுதான் அங்கிள் இன்னிக்கு டாப். செம ரீச்."

"டேய், எடுறான்னா எடு!"

ஏரிக்கரையில் மாடு ஓட்டிக்கொண்டு போனவர் திரும்பிப் பார்த்தார். நாரையும் பறந்துவிட்டது. படத்தை எடுத்தான். ஆனால் அதற்குள் எத்தனை போனுக்குள் போய் உட்கார்ந்ததோ யாருக்குத் தெரியும்?

சாயந்தரம் ஸ்டுடியோ மாடியில் இரண்டு பேரையும் வரச் சொன்னேன். ஒருவன் அந்தப் பையன். இன்னொருவர் கல்லூரிப் பேராசிரியர். பறவைப் படம் எடுப்பார், நல்ல மனிதர்தான், அன்றைக்குப் பிறகும் நல்ல மனிதர்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. புது வகைகளை உட்கார்ந்து பிரித்தவர் அவர். லேண்ட்ஸ்கேப், போர்ட்ரெய்ட், ஸ்ட்ரீட், மேக்ரோ, ஹெரிடேஜ். என்னுடைய கோபுரம், சாமி, இரண்டு தறி எல்லாம் மொத்தமாக அந்த ஹெரிடேஜ் என்கிற குப்பைத்தொட்டிக்குள். அதற்குப் பூட்டு கிடையாது. ஆகவே உள்ளே இருந்ததெல்லாம் வெளியே.

"யாரக் கேட்டு பண்ணீங்க?" என்றேன்.

"சார், உலகம் பூரா இப்படித்தான் பிரிக்கறாங்க," என்றார் பேராசிரியர். "வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கு நம்ம கேட்டகரி ஒண்ணும் புரியல. ஒரே விஷயத்துக்கு ரெண்டு எதுக்குன்னு கேக்கறாங்க."

"வெளியூர்க்காரனுக்கு எதுக்குப் புரியணும்? அவன் கேக்கறான்னு என் தறிய ஒடைப்பீங்களா? உலகத்துல எவன் வூட்ல தறி இருக்குது? லேண்ட்ஸ்கேப்புக்குப் பாவு போச்சுன்னா எவனாவது பட்டினி கெடப்பானா? அந்தப் பொண்ணு கெடப்பா."

"அங்கிள், பூட்டு இருந்தது எனக்குத் தெரியும்," என்றான் பையன். "சும்மா டெஸ்டுக்குப் போட்டது, மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். ஏன்னு எங்கயுமே எழுதலயே."

"எழுதணுமா? நீ இந்த ஊர்க்காரன்தானே? உனக்கு எழுதி வேற காட்டணுமா?"

"எங்க வூட்ல தறி இல்ல அங்கிள். நாங்க ஏர் ஓட்டறவங்க."

"நானும் ஏர் ஓட்டறவன் மவன்தான்டா! எனக்குத் தெரியலயா?"

பேராசிரியர் நடுவில் புகுந்தார். "கோவப்படாதீங்க சார். விதின்னு ஒண்ணு இருந்தா எழுதி வைக்கறதுதானே முறை?"

"உங்க வூட்டு பெட்ரூம் கதவுல 'தட்டிட்டு வா'ன்னு போர்டு மாட்டி வெச்சிருக்கீங்களா சார்?"

"மாட்டியிருக்கேன் சார். வீட்டுல பசங்க இருக்காங்களே."

பையன் சிரித்துவிட்டான். அவன் சிரித்த சிரிப்பில் எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. மேசை மேல் இருந்த டீ கிளாஸைத் தள்ளிவிட்டேன். அது போய்ச் சுவரில் மோதி உடைந்தது. அந்தச் சுவரில் இன்றைக்கும் கறை இருக்கிறது. வெள்ளையடிக்க வந்தவனிடம், அதை விட்டுவிட்டு அடி என்றேன். இதற்காக யாரும் என்னை மன்னிக்க வேண்டாம். நானும் கேட்கவில்லை.

"ராத்திரிக்குள்ள பழையபடி வரணும்," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

மறுநாள் காலை அவளையும் புருஷனையும் அழைத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனேன். அவர் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன் நான். அவர் மகள் கல்யாணத்துக்கும் நான்தான். அந்த உரிமையில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு நேராக உள்ளே போய்க் கூடத்தில் விரித்திருந்த மெத்தையில் உட்கார்ந்தேன். அவர்கள் இரண்டு பேரும் உட்காரவில்லை.

"வாய்யா போட்டோக்காரு," என்றார் முதலாளி. "ஊரு பூரா படம் காட்டிட்டு இப்ப ஏங்கிட்ட இன்னா காட்ட வந்த?"

"தப்பு இவங்களுது இல்ல. என் ஆளுங்க பண்ண பேமானித்தனம். இவ பூட்டுன அறைக்குள்ளதான் வெச்சா."

"பூட்டுன அறையாம். எந்தப் பூட்டுயா? போனுக்குள்ள ஏதுயா பூட்டு? பொண்ணு வூட்டுக்காரங்க நேத்து எனக்கு அதே போட்டோவ அனுப்பிக் கேக்கறாங்க, 'இது எங்க சேலதானே?'ன்னு. நான் இன்னா பதில் சொல்றது?"

"அந்தக் கல்யாணத்துக்கு நானே கேமராவோட வர்றேன். பசங்கள அனுப்ப மாட்டேன். ஆல்பம் என் செலவு. இந்த ஊருல எவனும் பாக்காத ஆல்பமா போட்டுத் தரேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் கேமரா எனக்கு எதுக்குயா? கேமராவாலதானே இவ்ளோ பேஜாரு."

என் வாழ்க்கையில் என் கேமராவை வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்ன ஆள் அவர் ஒருவர்தான். விழுங்கிக்கொண்டேன். அவர்களுக்காக விழுங்கினேன். பாவு போட்ட நாள் முதல் இந்த வீட்டார் எந்தக் காலத்திலாவது ஒரு இழை மாற்றி நெய்திருக்கிறார்களா, ஒரு நாள் தள்ளிக் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டேன். இந்தக் கைகளை விட்டால் அந்தப் படிக்கட்டை வேறு எந்தக் கை நெய்யும் என்று கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். விடாமல் பேசினேன். பேச எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

கடைசியில் அவர் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னார்.

"பொண்ணு வூட்டுக்காரங்கள நான் பாத்துக்கறேன். வேற முந்தி போட்டு இன்னொரு சேல தந்து சமாதானம் பண்ணிக்கறேன். பாவு வரும். ஆனா அந்த போனு தறிகிட்ட வரக் கூடாது. உள்ள பூட்டு, வெளிய பூட்டுன்னு எந்தக் கதையும் வேணாம். தறிய இனிமே எவரும் படம் புடிக்கக் கூடாது. சரியா?"

"சரிங்க," என்றாள் அவள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

நான் வாயைத் திறந்தேன். அவள் புருஷன் பின்னாலிருந்து என் தோளை அழுத்தினார். அதுவரை ஒரு வார்த்தை பேசாத மனிதர். அந்த அழுத்தலுக்கு அர்த்தம் எனக்குப் புரிந்தது. மூடிக்கொண்டேன்.

தெருவுக்கு வந்ததும் அவளிடம் பாய்ந்தேன். "ஏன்மா உடனே சரின்னுட்ட? நான் இன்னும் பேசியிருப்பேனே!"

"பேசுவீங்கண்ணா, தெரியும். பேசிப் பேசி இருக்கறதும் போயிருக்கும்." சிரித்தாள். "அந்தப் போட்டோவுக்கு ஆயிரம் பேர் லைக்கு போட்டாங்க. எண்ணிக்கூடப் பாத்தேன். ஒருத்தராவது பாவு குடுப்பாங்களா? பாவு அந்த ஒரு வூட்ல இருந்துதானே வருது?"

"நான் வேற மொதலாளி பாத்துத் தரேன்."

"எங்களுக்கு இவரு நல்ல மொதலாளிதாண்ணா. அவரு வாக்குல மண்ணு விழுந்துச்சுல்ல? கோவம் வராதா?"

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அதனால் என் கோபம் முழுசையும் அந்த இரண்டு பேர் மேலேயே வைத்துக்கொண்டேன்.

தளம் பழையபடி வந்துவிட்டது. கோபுரம் கோபுரமாக, சாமி சாமியாக, ஏரி ஏரியாக. 'உள் தறி'க்குப் பூட்டும் போட்டாயிற்று. அதன் வாசலில் பேராசிரியர் பத்து வரியில் விதி எழுதி ஒட்டியிருக்கிறார், நல்ல தமிழில். படித்துப் பார்த்தேன், பிழை ஒன்றும் இல்லை. பையன் நேரில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், தெரியாம பண்ணிட்டோம்" என்றான். பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. பரவாயில்லை என்றால்தானே சொல்ல? உள்ளே படம் போட்டுக்கொண்டிருந்த மற்ற நெசவு வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் படங்களை அழித்துவிட்டுப் போனார்கள். பூட்டு ஒரு தடவை தானாகத் திறந்தால் அப்புறம் யார் நம்புவார்கள்?

சித்திரையில் சாமி புறப்பாட்டில் அவளைப் பார்த்தேன். மேளம் நெருங்கிக்கொண்டிருந்தது, கூட்டத்தில் எல்லார் கையும் போனைத் தூக்கிக்கொண்டு ஆகாசத்தில் இருந்தது. அவள் மட்டும் கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

"எடும்மா," என்றேன். "சாமிய எடுக்க எந்த மொதலாளி தடுக்கறான்? சாமி புறப்பாட்டுல போடு. நான் இருக்கேன்."

"எனக்கு சாமி எடுக்க வராதுண்ணா," என்றாள். "தறிதான் வரும்."

பல்லக்கு எங்களைத் தாண்டிப் போயிற்று. அன்றைக்கு நான் எடுத்த படங்கள் ஒன்றும் உருப்படியாக வரவில்லை.

போன வாரம் பையன் போன் செய்தான். இப்போதெல்லாம் எதைத் தொட்டாலும் என்னைக் கேட்டுத்தான் தொடுகிறான். அந்த வரைக்கும் புத்தி வந்திருக்கிறது.

"அங்கிள், 'உள் தறி'ல எட்டு மாசமா ஒரு போட்டோகூட இல்ல. காலியா இருக்கற கேட்டகரிய எடுக்கச் சொல்லி சிஸ்டம் கேட்டுக்கினே இருக்குது. தூக்கிடட்டா?"

"யாரு கேக்குது?"

"சிஸ்டம் அங்கிள்."

"சிஸ்டத்த என் ஸ்டுடியோவுக்கு வந்து என்கிட்ட நேர்ல கேக்கச் சொல்லு. அது வர்ற வரைக்கும் எவனாவது அதுல கைய வெச்சீங்க, கைய ஒடிப்பேன்."

"சரி அங்கிள்," என்றான். வைக்கப் போனவன், மறுபடியும், "அவங்க திரும்ப வருவாங்களா அங்கிள்?" என்று கேட்டான்.

"போன வைடா," என்றேன்.